கணக்கு ஆராய்ச்சியும் வலங்கைமானும்

நமது நாட்டில் கணக்கு என்றால் வட்டிக் கணக்கு, குத்தகைக் கணக்கு, கோயில் கணக்கு, பஞ்சாங்கக் கணக்கு ஆகிய இவைகள்தான் என்று வெகுகாலமாய்க் கருதப்பட்டு வந்திருக்கிறது. இவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும் கணக்கை வைத்திருந்தவன் ஒருவனும், அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டுக் கொடுத்தவன் மற்றொருவனுமாகவே இருந்து வந்திருக்கிறார்கள். கொடுத்தவனுக்கு அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் படிப்பும் இல்லை, “எப்படி வந்தது இந்தத் தொகை?” என்று கேட்கும் தைரியமும் இல்லை. கிராமக் கர்ணம் வேலை பரம்பரைச் சொத்தாயிருந்த காலத்தில் அவர் சுவடியில் எழுதினதே நிலம், அவர் எழுதினதே விளைச்சல். அந்த முறை தமிழ்நாட்டில் 1980ம் ஆண்டில்தான் ஒழிந்தது.

இது நிற்க, இப்போது உலகத்தை ஆண்டுகொண்டிருக்கிற கணக்கு வேறொன்று. அது நிச்சயமில்லாத காரியங்களை அளக்கின்ற கணக்கு. மழை பெய்யுமா, பயிர் விளையுமா, நோய் தீருமா, கொடுத்த கடன் திரும்புமா, வாங்கின பங்கு விலை ஏறுமா என்கிற விஷயங்களில், “தெரியாது” என்று கையை விரிக்காமலும், “எல்லாம் அவன் செயல்” என்று கண்ணை மூடாமலும், எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று அளவு போட்டுச் சொல்லுகிற கணக்கு. இதற்குப் புள்ளிவிவரக் கணிதம் என்று பெயர். பணக் காரியங்களில் இதைப் பிரயோகிப்பதற்கு நிதிக் கணிதம் என்று பெயர். எம்.எஸ்ஸி. படித்து முடித்தபின் இன்னும் நான்கைந்து ஆண்டு உட்கார்ந்து இதில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெறுகிறார்கள்.

வலங்கைமான் பக்கத்தில் ஒரு குடியானவர் வீட்டுப் பிள்ளை இப்படிப்பட்ட படிப்புக்குப் போகிறேன் என்று சொன்னால், ஊரில் என்ன சொல்லுவார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. “அதெல்லாம் கல்கத்தாவிலும் நியூயார்க்கிலும் இருக்கிறவர்களுக்கு; நமக்கு ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால் போதாதா?” என்பார்கள். பெண் பிள்ளையாயிருந்தால் இந்த வார்த்தைகூடச் சொல்லமாட்டார்கள். மாப்பிள்ளை பார்க்கப் புறப்பட்டு விடுவார்கள். நாம் சொல்லுவது என்னவென்றால், இந்த ஆராய்ச்சி வலங்கைமான் வயலிலும், வலங்கைமான் கோயில் வாசலிலும், வலங்கைமான் கடைத்தெருவிலும் இன்றைக்கே நடமாடிக்கொண்டிருக்கிறது என்பதும், நம் பிள்ளைகள் இதில் புகாவிட்டால் பழைய கர்ணத்துக்குப் பதில் ஒரு புதிய கர்ணம் நம் தலைமேல் உட்காருவார் என்பதுமேயாகும்.

முதலாவது, வலங்கைமானில் எல்லோருக்கும் தெரிந்த காரியத்தையே எடுத்துக்கொள்ளுவோம். பங்குனி மாதத்தில் அங்குள்ள மகாமாரியம்மன் கோயில் திருவிழாவில் பாடைக்காவடி எடுக்கிறார்கள். கடும் நோயில் விழுந்து, பிழைத்தால் பாடைக்காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, அப்படியே பிழைத்தும் எழுந்தவர்கள் பிணத்தைப்போல் பாடையில் படுத்துக்கொள்ள, உறவினர்கள் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருகிறார்கள். பார்க்கிற ஜனங்கள், “இத்தனை பேரை அம்மன் பிழைக்க வைத்திருக்கிறாளே, இதற்குமேல் என்ன ருஜு வேண்டும்?” என்கிறார்கள். நோயிலிருந்து எழுந்தவருடைய சந்தோஷத்தைப் பற்றியோ, அவரைத் தூக்கி வருகிற உறவினர்களின் அன்பைப் பற்றியோ நமக்கு ஆட்சேபணை கிடையாது. நாம் கேட்பதெல்லாம் ருஜுவைப் பற்றித்தான்.

வேண்டிக்கொண்டும் செத்துப்போனவன் காவடி எடுக்க வருவானா? அவன் முன்னமேயே உண்மைப் பாடையில் போய்விட்டான். வேண்டிக்கொள்ளாமலே பிழைத்தவன் வருவானா? அவன் அந்த நேரத்தில் வயலில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருப்பான். ஆகவே கோயில் வாசலில் நிற்கிறவன் கண்ணுக்கு, வேண்டிக்கொண்டு பிழைத்தவன் ஒருவன் மாத்திரமே தெரிகிறான். 200 நோயாளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிக்கொண்டவர் 100, வேண்டிக்கொள்ளாதவர் 100. இரண்டு கூட்டத்திலும் 80 பேர் பிழைத்து 20 பேர் இறந்தார்கள் என்றால், வேண்டுதலால் ஒரு பலனும் இல்லையென்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் திருவிழாவில் 80 பாடை வரும். 80 பாடையைப் பார்த்தவன் எப்படி நம்பாமலிருப்பான்? நான்கு கட்டத்தில் ஒரு கட்டத்தை மாத்திரம் திறந்து காட்டி, மற்ற மூன்றையும் மூடி வைத்திருப்பதில்தான் சங்கதி இருக்கிறது.

சரி, வேண்டிக்கொண்டவரில் 90 பேரும் மற்றவரில் 80 பேரும் பிழைத்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுவோம். அப்போதும் காரியம் முடிந்துவிடவில்லை. இந்த 10 பேர் வித்தியாசம் யதேச்சையாய் வந்ததா, காரணத்தோடு வந்ததா? வேண்டுதலுக்கு ஒரு பலனும் இல்லாதபோதே அதற்குச் சாதகமாக இவ்வளவு வித்தியாசம் தென்படுவது சுமார் 30, 40 தடவைக்கு ஒரு தடவை நேரக்கூடியதென்று கணக்கு சொல்லுகிறது. 40 ஊர்க் கோயில்களில் இப்படி எண்ணிப் பார்த்தால் ஏதாவது ஒரு கோயிலில் அது தானாகவே தென்படும். அந்தக் கோயிலுக்குத்தான் மறு வருஷம் ரயிலிலும் பஸ்ஸிலும் கூட்டம் போகும்! அன்றியும், வேண்டிக்கொண்டவர்கள் ஆஸ்பத்திரிக்கும் போனவர்களா, இளவயதினரா, பாடையும் மேளமும் வைக்க வசதி உள்ளவர்களா என்று பார்க்கவேண்டாமா? இந்தக் கேள்விகளை ஒழுங்காகக் கேட்பதும், பதிலில் எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அளந்து சொல்லுவதும்தான் புள்ளிவிவரக் கணித ஆராய்ச்சி என்பது. பகுத்தறிவு என்று நாம் வாயால் சொல்லுவதை அவர்கள் எண்ணால் செய்கிறார்கள்.

இந்தக் கணக்கு மேல்நாட்டில் பிறந்த விதமும் இதற்குப் பொருத்தமானதேயாகும். அக்காலத்தில் அவர்களிடத்திலும் நம்முடைய அஷ்டமச் சனியைப்போல ஒரு பயம் இருந்தது. 7, 9 ஆகிய எண்களால் பெருகி வரும் வயதுகளில், முக்கியமாக 49லும் 63லும், மனிதனுக்குக் கண்டம் என்று நம்பினார்கள். பிரெஸ்லா என்ற ஊரில் நாய்மன் என்ற ஒரு பாதிரியார், சண்டை போடாமல், ஊரில் பிறந்தவர் இறந்தவர் கணக்கை வயதுவாரியாய் எழுதி வைத்தே அந்த நம்பிக்கை பொய்யென்று பார்க்கலானார். அந்தக் கணக்கு லண்டனுக்குப் போய், எட்மண்ட் ஹாலி என்பவர் கையில் சேர்ந்தது. வால்நட்சத்திரம் ஆகாயத்தில் வருவது அபசகுனமல்ல, கணக்குப்படி வந்து போவது என்று காட்டிய அதே ஹாலிதான் இவர். அவர் 1693ல் அந்தப் பிறப்பு இறப்புக் கணக்கை வைத்து, எந்த வயதுக்காரர் இன்னும் எத்தனை வருஷம் இருக்கக்கூடும் என்று ஒரு பட்டியல் போட்டு, ஆயுள் முழுதும் வருஷத்துக்கு இவ்வளவு தொகை தருவதென்றால் இன்று எவ்வளவு வாங்கவேண்டும் என்றும் கணக்கிட்டார். ஜோசியர் ஒரு மனிதனின் ஆயுளைச் சொல்லுகிறேன் என்று காசு வாங்கிக்கொண்டிருந்தார். ஹாலி ஒரு மனிதனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆயிரம் மனிதரைப் பற்றிச் சொன்னார். ஜோசியர் சொன்னது பலிக்கவில்லை. ஹாலி சொன்ன வழியிலேதான் இன்றைய லைப் இன்ஷ்யூரன்ஸ் நடந்துகொண்டிருக்கிறது.

பிறகு 1760ல் டேனியல் பெர்னூலி என்ற சுவிஸ் தேசத்து அறிஞர் பெரியம்மையை எடுத்துக்கொண்டார். அக்காலத்து முறைப்படி அம்மைச் சீழை எடுத்துக் குத்திக்கொள்ளுவதனால் சிலர் சாவதையும் ஒளிக்காமல் கணக்கில் சேர்த்து, அப்படியும் எல்லோரும் குத்திக்கொண்டால் சராசரி ஆயுள் சுமார் 3 வருஷம் கூடும் என்று போட்டுக் காட்டினார். நம் நாட்டில் அம்மன் முத்து என்று வேப்பிலை கட்டிக்கொண்டிருந்த நோய், எண்ணிப் பார்த்து, ஊசி போட்டு, மிச்சமிருந்த ஊர்களைத் தேடித் தேடி எண்ணினதனால், 1980ல் உலகத்திலிருந்தே ஒழிந்துபோனதாக உலக சுகாதார ஸ்தாபனத்தாரால் அறிவிக்கப்பட்டது. அம்மை போனபின்பும் பாடை மாத்திரம் போகவில்லை.

இனிப் பண விஷயத்துக்கு வருவோம். இதே பெர்னூலி 1738லேயே வேறொரு காரியம் சொல்லியிருக்கிறார். ஒரு ரூபாயின் மதிப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல, உள்ளவனுக்கு அது குறைவு, இல்லாதவனுக்கு அது அதிகம் என்பதைக் கணக்காக எழுதினார். மிராசுதாருக்கு 1000 ரூபாய் நஷ்டமானால் அவர் வீட்டு மோரில் கொஞ்சம் தண்ணீர் கூடும். கூலிக்காரருக்கு 1000 ரூபாய் நஷ்டமானால் அடுப்பு எரியாது. ஆகையால் ஏழை தன் நஷ்டத்தைப் பலபேரோடு பகிர்ந்துகொள்ளச் சிறிது பணம் கட்டுவது முட்டாள்தனமல்ல, புத்திசாலித்தனமே என்பது இதனால் ஏற்படுகிறது. இன்ஷ்யூரன்ஸ் என்பதற்கு அடிப்படை இதுதான்.

ஆனால் பகிர்ந்துகொள்ளுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1000 கூரை வீடுகள் உள்ள ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீடும் வருஷத்தில் தீப்பிடிப்பது நூற்றில் ஒரு பங்கு நேரக்கூடியது என்றால், வருஷத்துக்குச் சராசரி 10 வீடு எரியும். ஒரு வருஷம் 6, ஒரு வருஷம் 14 என்று இருக்கலாமே தவிர 25க்கு மேல் போவது அபூர்வத்திலும் அபூர்வம். 25 வீட்டுக்கான பணம் பெட்டியில் இருந்தால் நிம்மதியாய் இருக்கலாம். இப்போது தீக்குப் பதில் வெள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷத்தில் ஒரு வருஷம் வெள்ளம் வருகிறது. வந்தால் 1000 வீடும் போகிறது. இதற்கும் சராசரி வருஷத்துக்கு 10 வீடுதான்! சராசரி ஒன்றே, ஆனால் 25 வீட்டுப் பணம் வைத்திருந்தவன் வெள்ளத்தன்று ஊரை விட்டு ஓடவேண்டியதுதான். தனித்தனியாய் வருகிற நஷ்டம் எது, ஒன்றாய்ச் சேர்ந்து வருகிற நஷ்டம் எது என்று பிரித்துப் பார்ப்பதே நிதிக் கணிதத்தில் தலையான காரியமாகும். காவேரிப் பாசனத்தில் இருக்கிற நமக்கு இதை யாரும் அதிகம் விளக்கவேண்டியதில்லை. மேட்டூரில் தண்ணீர் இல்லையென்றால் ஒருவன் வயலா காய்கிறது?

இதை மறந்தவர்கள் கதியும் உலகம் பார்த்திருக்கிறது. பங்கு பேரத்தில் விலை போடும் கணக்கைக் கண்டுபிடித்ததற்காக மெர்ட்டன், ஷோல்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்களுக்கு 1997ல் நோபெல் பரிசு கிடைத்தது. அவர்கள் இருவரும் பங்காளிகளாயிருந்த ஓர் அமெரிக்க முதலீட்டுக் கம்பெனி, பல தேசங்களில் பலவிதமான பேரம் செய்வதால் எல்லாம் ஒரே சமயத்தில் நஷ்டமாகாது என்று எண்ணியிருந்தது. 1998 ஆகஸ்டில் ருஷ்யா கடனைத் திருப்பித் தர முடியாதென்று சொன்னதும் எல்லாப் பேரமும் ஒரே பக்கமாய்ச் சாய்ந்தது. 14 பாங்கிகளும் கம்பெனிகளும் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் கொடுத்து அதைத் தாங்கிப்பிடிக்க வேண்டியதாயிற்று. நோபெல் பரிசு வாங்கினவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை நம்புவதும், ரிஷி சொன்னார் என்பதற்காக நம்புவதும் ஒரே ஜாதியைச் சேர்ந்ததே என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

அபூர்வமாய் வருகிற பெரிய நஷ்டங்களை எப்படி அளப்பது என்ற சாஸ்திரத்தை முழு உருவாக்கினவர் ஒரு தமிழர் என்பதை வாசகர்கள் அறியவேண்டும். 1940ல் சென்னையில் ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியருக்குப் பிள்ளையாய்ப் பிறந்த வரதன் என்பவர், சென்னை மாகாணக் கல்லூரியில் புள்ளிவிவரம் படித்து, 1959ல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளிவிவர ஸ்தாபனத்துக்குப் போனார். தொழிற்சாலைகளில் சரக்கின் தரம் பார்க்கும் வேலையைக் கற்றுக்கொள்ளவே முதலில் உத்தேசித்திருந்தார். அங்கிருந்த தோழர்கள் அவரை ஆராய்ச்சியில் இழுத்துவிட்டார்கள். சி. ஆர். ராவ் என்பவரிடத்தில் ஆராய்ச்சி செய்து, ருஷ்யாவின் பெரிய கணித அறிஞர் கொல்மகோரோவ் பரிசோதகராயிருந்து பார்க்க, 1963ல் டாக்டர் பட்டம் பெற்று நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அபூர்வமான காரியம் நேரும்போது, அது நேருவதற்குள்ள வழிகளில் எது மற்றவற்றைவிடக் குறைந்த அபூர்வமோ அந்த வழியாகவே நேரும். அந்த வழியைக் கண்டுபிடித்தால் அளவையும் கண்டுபிடிக்கலாம் என்பது அவருடைய சாஸ்திரத்தின் சாரம். இந்த விஷயத்தில் முதல் அடி எடுத்து வைத்தவர் 1938ல் ஸ்வீடன் தேசத்தில் இன்ஷ்யூரன்ஸ் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த கிராமெர் என்பவர். வரதனுக்கு 2007ல் ஆபெல் பரிசு கொடுக்கப்பட்டது. கணிதத்துக்கு உலகத்தில் உள்ள மிகப்பெரிய பரிசுகளில் அது ஒன்று.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். வயலுக்கு வாருங்கள், காட்டுகிறோம். 2016 முதல் நடந்துவருகிற பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்குக் குடியானவர் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 100க்கு ஒன்றரை ரூபாய். மீதியைச் சர்க்கார்கள் கட்டுகின்றன. நஷ்டம் கொடுப்பது அவரவர் வயலைப் பார்த்து அல்ல. சில தனி விபத்துகள் நீங்கலாக, ஊர்ச் சராசரி விளைச்சலைப் பார்த்தே கொடுக்கப்படுகிறது. கடந்த 7 ஆண்டில் நன்றாய் விளைந்த 5 ஆண்டின் சராசரியை எடுத்து, அதில் குறிப்பிட்ட சதவிகிதத்தை உத்தரவாத விளைச்சல் என்று வைத்து, இந்த ஆண்டு விளைச்சல் அதற்கு எவ்வளவு குறைந்ததோ அந்த விகிதப்படி பணம். இந்த ஆண்டு விளைச்சல் எப்படித் தெரிகிறது? ஊரில் பொறுக்கி எடுத்த சில வயல்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுத்து எடை போடுகிறார்கள். முக்கியப் பயிருக்குக் கிராமத்துக்குக் குறைந்தது 4 இடம். நான்கு துண்டும் சேர்ந்து சுமார் இரண்டரை சென்ட். தஞ்சை ஜில்லாப் பழைய அளவில் சுமார் ஏழரைக் குழி! ஏழரைச் சனிக்கு எள் விளக்கு ஏற்றுகிற நம் ஜனங்கள், ஊர் முழுவதன் பணத்தையும் தீர்மானிக்கிற இந்த ஏழரைக் குழியைப் பற்றி விசாரித்தது உண்டா?

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு உத்தரவாத விளைச்சல் 1600 கிலோ. காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய். ஊரின் உண்மையான விளைச்சல் 1400 கிலோ. குறைவு எட்டில் ஒரு பங்கு. ஆகவே வரவேண்டியது 4,500 ரூபாய். ஆனால் வயலுக்கு வயல் விளைச்சல் 400 கிலோ வரை கூடக் குறைய இருப்பது சகஜமானால், 4 துண்டு அறுத்துப் பார்க்கும் சராசரியில் 200 கிலோ வரை பிழை சாதாரணமாய் இருக்கும். மூன்றில் ஒரு தடவை அதையும் தாண்டும். அறுத்த துண்டுகள் 1600 காட்டினால் பணம் ஒன்றுமில்லை. 1200 காட்டினால் 9,000 ரூபாய். உண்மை ஒன்றுதான், வருகிற பணம் மாத்திரம் துண்டு விழுந்த இடத்தைப் பொறுத்தது! இந்தப் பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் 4 துண்டு 8 ஆனால் போதாது, 16 ஆகவேண்டும். இது எந்த அதிகாரியின் தயவினாலும் மாறாத விதி. கையில் உள்ள விவரத்திலிருந்து எவ்வளவுதான் சரியாக அறிய முடியும், அதற்குமேல் எந்தச் சாமர்த்தியத்தாலும் முடியாது என்ற எல்லையை 1945ல் கல்கத்தாவில் எழுதிக் காட்டினவர் முன்சொன்ன சி. ஆர். ராவ் அவர்களே. அப்போது அவருக்கு வயது 25கூட நிரம்பவில்லை. உத்தியோகம் தேடிக் கல்கத்தாவுக்குப் போன இடத்தில் இந்தப் படிப்பில் சேர்ந்தவர் அவர்.

துண்டின் அளவைப் பற்றிக்கூட ஒரு பெரிய வாதம் நடந்திருக்கிறது. மகலநோபிஸ் முதலானோர் வங்காளத்தில் சிறு சிறு துண்டுகளை அறுத்துக் கணக்கெடுத்தார்கள். துண்டு சிறுத்தால், எல்லையில் நிற்கிற பயிரையும் சேர்த்து அறுத்துவிடுவதால் விளைச்சல் உள்ளதைவிட அதிகமாய்த் தோன்றும் என்று பி. வி. சுகாத்மே 1946ல் ஆராய்ந்து காட்டினார். விளைச்சல் அதிகமாய்த் தோன்றினால் யாருக்கு நஷ்டம் என்று இப்போது வாசகர்களே சொல்லிக்கொள்ளட்டும். இப்படிப்பட்ட ஆராய்ச்சி வயலுக்குச் சம்பந்தமில்லாதது என்று இனி யாராவது சொல்ல முடியுமா?

கடைத்தெருவுக்கு வருவோம். இப்போது கைப்போனிலேயே பங்கு பேரம், அதிலும் பியூச்சர், ஆப்ஷன் என்ற வாயிதா பேரம் நடக்கிறது. ஒரே மாதத்தில் லட்சம் சம்பாதித்தேன் என்று ஒருவன் படம் போட்டுக் காட்டுகிறான். நம் இளைஞர்கள் கடன் வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இதுவும் பாடைக்காவடிதான் தோழர்களே! ஜெயித்தவன் மாத்திரம் மேளத்தோடு வருகிறான். தோற்றவன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறான். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் சர்க்கார் ஸ்தாபனமான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்குப்படி, 3 ஆண்டுகளில் இந்தப் பேரம் செய்த தனி ஆட்கள் 100க்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள்; எல்லோருடைய நஷ்டமும் சேர்ந்து 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பேரத்தின் மறு பக்கத்தில் லாபம் எடுத்தவர் யார்? தங்கள் சொந்தப் பணத்தில் பேரம் செய்யும் பெரிய கம்பெனிகளும் அந்நிய முதலீட்டாருமே. அவர்கள் லாபத்தின் மிகப் பெரும்பங்கு கம்ப்யூட்டர் கணக்கு மூலம் வந்ததென்றும் அதே அறிக்கை சொல்லுகிறது. கம்ப்யூட்டருக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் நாம் சொன்ன படிப்பைப் படித்தவர்கள். ஒரு பக்கம் டாக்டர் பட்டம், மறு பக்கம் நல்ல நேரம் பார்க்கிற பையன். இந்தச் சண்டையில் யார் ஜெயிப்பார்கள் என்பதற்கு ஜோசியம் வேண்டியதில்லை. நம் பிள்ளைகளை இந்தச் சூதாட்டத்துக்கு அனுப்பும்படி நாம் சொல்லவில்லை. சூதாட்டத்தைச் சூதாட்டம் என்று கணக்கோடு சொல்லவும், சட்டம் செய்கிறவருக்கு எடுத்துக்காட்டவும், பாங்கியிலும் இன்ஷ்யூரன்ஸிலும் ஏழையின் பக்கத்துக் கணக்கைப் போடவும் தெரிந்தவர்கள் நம்மிலும் வேண்டும் என்கிறோம்.

“நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வருமா? அதெல்லாம் பிறவியிலே வரவேண்டும்” என்று ஒரு சமாதானம் வெகுநாளாய் நம்மவர்கள் வாயிலேயே ஏறியிருக்கிறது. கும்பகோணத்து ராமானுஜத்தை இதற்குச் சாட்சி கூப்பிடுவார்கள். நாமகிரித் தாயார் சொப்பனத்தில் வந்து சூத்திரம் சொன்னாள் என்பார்கள். ராமானுஜத்தோடு வருஷக்கணக்காய் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்த ஹார்டி இந்தக் கதைகளுக்கு மதிப்புக் கொடுக்கவில்லை. எல்லாக் கணித அறிஞரும் யோசிக்கிற விதமாகவே ராமானுஜமும் யோசித்தார் என்பதே அவர் அபிப்பிராயம். தாயார் வந்தது உண்மையானால் ராமானுஜம் கும்பகோணம் காலேஜில் ஸ்காலர்ஷிப்பை இழந்தபோது ஏன் வரவில்லை? சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தாவாய் எழுதிக்கொண்டிருந்தபோது ஏன் வரவில்லை? 1913ல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்த பிறகுதான் அவருக்கு வயிற்றுக் கவலையில்லாமல் கணக்குப் போட அவகாசம் கிடைத்தது. ஆகவே தெய்வம் எது என்று கேட்டால் அந்த 75 ரூபாய்தான் தெய்வம் என்று சொல்லுவோம். பள்ளிக்கூடம் போகத் தடையில்லாத ஜாதியில் பிறந்து, புஸ்தகம் கைக்கு எட்டின ராமானுஜமே வறுமையால் அழிந்துபோக இருந்தார் என்றால், பள்ளிக்கூடத்து வாசற்படியையே மிதிக்கவிடாமல் வைக்கப்பட்டிருந்த தலைமுறைகளில் எத்தனை பேர் அழிந்தார்கள் என்று யார் எண்ணினார்கள்? அவர்களும் பாடைக்காவடியில் வராதவர்களே.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 1931ல் ஏற்பட்ட இந்தியப் புள்ளிவிவர ஸ்தாபனத்துக்குச் சென்னையிலும் ஒரு மையம் இருக்கிறது. சிறுசேரியில் சென்னைக் கணித ஸ்தாபனம் இருக்கிறது. மத்தியச் சர்க்கார் ஸ்தாபனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவிகித இடம் 2006ம் வருஷச் சட்டத்தால் ஏற்பட்டது. பரீட்சையில் தேறி ஆராய்ச்சிக்குச் சேருகிறவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைக்கிறது. ஆராய்ச்சிப் படிப்பென்றால் வீட்டுப் பணத்தை வாரி இறைப்பது என்று நினைக்கிற பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும். ஆனால் சட்டத்தில் இடம் இருப்பது வேறு. இடத்தில் ஆள் உட்காருவது வேறு. ஆள் உட்காரவேண்டுமானால் வலங்கைமான், குடவாசல், நன்னிலம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பிலேயே கணக்கு வாத்தியார் காலி ஸ்தானம் இல்லாமல் இருக்கவேண்டும். சர்க்கார் கலைக் கல்லூரிகளில் புள்ளிவிவரப் பாடம் நடத்த நிரந்தர ஆசிரியர் வேண்டும். இந்த நுழைவுப் பரீட்சைகள் என்ன, எப்போது, எப்படி எழுதுவது என்பது தமிழில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படவேண்டும். இம்மூன்றும் இல்லாமல் தகுதி திறமை என்று பேசுவது, குளத்தை வற்ற வைத்துவிட்டு நீந்தத் தெரியவில்லை என்று கேலி செய்வதாகும்.

நம் தோழர்கள் தங்கள் ஊர்களில் செய்யக்கூடியதும் இருக்கிறது. அடுத்த சம்பா அறுப்பின்போது, பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு எந்த வயல்கள் எந்த முறையில் பொறுக்கப்பட்டன, எத்தனை கிலோ கிடைத்தது என்று அதிகாரிகளை மரியாதையாய்க் கேளுங்கள். வயலைப் பொறுக்குவது யாருடைய விருப்பப்படியும் இருக்கக்கூடாது. குலுக்கல் எண்களின்படியே இருக்கவேண்டும். கிடைத்த எடையை ஊராட்சி மன்றச் சுவரில் எழுதி வைக்கக் கேளுங்கள். வருஷா வருஷம் அதை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் குறித்து வாருங்கள். படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு அதைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். இன்று ஏழரைக் குழிக் கணக்கைப் போட்டுப் பழகின பிள்ளை நாளைக்கு ஆராய்ச்சிக்குப் போவதில் ஆச்சரியப்பட ஒன்றுமிராது.

கடைசியாக, பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகனோ மகளோ எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு இன்னும் ஐந்து வருஷம் கணக்கு ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று சொன்னால், ஜாதகத்தை எடுக்காதீர்கள். கல்யாணத்தைக் காட்டிப் பெண்ணின் வாயை அடைக்காதீர்கள். உங்கள் வயலின் விளைச்சலையும், உங்கள் கடனின் வட்டியையும், உங்கள் உயிரின் விலையையும் யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அந்த நாற்காலியில் உங்கள் பிள்ளையும் உட்கார்ந்தால் என்ன என்று மாத்திரம் யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.